கையால் செய்யும் வாழ்த்து அட்டை: ஒரு கத்தரிக்கோல், ஓர் ஊசி, நான்கு வரித் தமிழ்



தீபாவளி, பொங்கல், அன்னையர் தினம், ஆசிரியர் தினம் என்று ஆண்டுக்கு நான்கைந்து தடவையாவது நம் வகுப்புகளில் வாழ்த்து அட்டை செய்கிறோம். பெரும்பாலும் என்ன நடக்கிறது? மணிலா அட்டையை இரண்டாக மடிக்கிறார்கள். முன்னால் ஒரு குத்துவிளக்கு. உள்ளே, வெண்பலகையில் நாம் எழுதிப் போட்ட அதே வரி. முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம், படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுகிறோம், இரண்டு மாதம் கழித்துக் கழற்றிக் குப்பையில் போடுகிறோம். அட்டை யாருக்கும் போய்ச் சேரவில்லை. வாழ்த்து என்ற பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

இந்தக் கட்டுரையில் மூன்று எளிய தாள் வேலைகள், தமிழ் எழுத்தை வெட்டி ஒட்டும் முறை, உறை செய்யும் முறை, அட்டைக்குள் எழுத வேண்டிய நான்கு வரிகள் ஆகியவற்றைப் பார்ப்போம். படிவம் 1 முதல் 3 வரையிலான மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4, 5, 6 மாணவர்களுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருந்து வருகின்றன. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: யார் படிக்கப் போகிறார்?

வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். "எல்லாருக்கும்" என்பது பெயர் ஆகாது. "அம்மாச்சிக்கு", "பெஸ்தாரி ஜெயா பெரியம்மாவுக்கு", "தோட்டத்துத் தாத்தாவுக்கு" என்று ஓர் ஆள் வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. பிள்ளைகளின் அப்பா அம்மா வேலை தேடி ரவாங், பூச்சோங், ஷா ஆலாம் பக்கம் போய்விட்டார்கள். அல்லது தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானுக்கு வந்துவிட்டார்கள். தாத்தா பாட்டி இன்னும் தோட்டத்திலோ பழைய வீட்டிலோ இருக்கிறார்கள். அவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மட்டும் படித்தவர்கள். மலாயும் ஆங்கிலமும் வாசிப்பது சிரமம். ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். பேரப்பிள்ளை ரோமன் எழுத்தில் "ஹேப்பி தீபாவளி பாட்டி" என்று கைப்பேசியில் அனுப்பினால், பாட்டிக்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். தமிழில் எழுதிய அட்டையைப் பாட்டி யாரையும் கேட்காமல் தானே படித்துவிடலாம். வேண்டும்போது எடுத்து மறுபடியும் படிக்கலாம்.

இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தேர்வுப் பாடமாக எடுப்பதா வேண்டாமா என்று பல மாணவர்கள் தயங்குகிற காலம் இது. "தமிழ் எதுக்கு டீச்சர்?" என்ற கேள்விக்கு நாம் சொற்பொழிவு ஆற்றத் தேவையில்லை. இந்த ஓர் அட்டை நல்ல பதில்.

அச்சடித்த அட்டை எப்படி வந்தது என்பதையும் மாணவர்களிடம் சொல்லலாம். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பலாம் என்ற முறை வந்தது. கடிதங்கள் பெருகின. பெருநாள் காலத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல் ஹென்றி கோல் என்பவர் 1843இல் ஓவியர் ஜான் கால்கட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரே படத்தை வரையச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சடித்தார். வணிக முறையில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். அதாவது எழுதும் வேலையைக் குறைப்பதற்காகத்தான் அச்சு அட்டை பிறந்தது. நாம் கையால் செய்யும் அட்டை எழுதும் வேலையைத் திரும்பக் கொண்டுவருகிறது.

பொருள்கள்

மாணவர்களிடம் பணம் கேட்காதீர்கள். கடையில் விற்கும் கைவினைப் பெட்டி எதுவும் தேவையில்லை. வகுப்புக்குத் தேவையானவை:

1. ஏ4 அளவு வண்ண அட்டை, சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை. ஓர் அட்டையைப் பாதியாக வெட்டினால் இருவருக்கு ஆகும். 30 மாணவர்களுக்கு 15 அட்டைகள் போதும்.
2. சாதாரண ஏ4 வெள்ளைத்தாள், ஆளுக்கு ஒன்றரை.
3. கத்தரிக்கோல், ஒட்டும் குச்சிப் பசை, அடிக்கோல், மை தீர்ந்த பேனா.
4. தடித்த தையல் ஊசி அல்லது குண்டூசி.
5. காகிதத்தில் துளை போடும் பஞ்சர், வகுப்புக்கு இரண்டு.
6. பழைய திருமண அழைப்பிதழ், நாள்காட்டித் தாள், பரிசுப் பொருள் சுற்றிய தாள்.

பழைய அழைப்பிதழ்கள் நல்ல கனமான தாள், ஓரத்தில் பொன்வண்ணம் வேறு இருக்கும். ஆனால் ஒன்று: "சாமி படத்தை வெட்ட மாட்டேன் டீச்சர்" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். படம் இல்லாத பின்பக்கத்தையும் உறையையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பிளேடு, கட்டர் எதுவும் வேண்டாம். பல பள்ளிகளில் அவற்றைக் கொண்டுவர அனுமதியும் இல்லை. இங்கே சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் கத்தரிக்கோலாலும் ஊசியாலும் செய்து முடிக்கலாம். ஊசிகளை எண்ணிக் கொடுங்கள். எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

மடிப்புச் சரியாக வர

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். பாதியாக வெட்டினால் ஏ5: 148 × 210. அதை மடித்தால் ஏ6: 105 × 148. நம் அட்டையின் அளவு இதுதான். எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாதபடி இந்த அளவுகளை வகுத்திருக்கிறார்கள்.

அட்டையை மடிக்கும்போது மடிப்பில் வெள்ளையாக வெடித்து, பிசிறு தெரியும். இதற்குக் காரணம் தாளின் இழை. இயந்திரத்தில் தாள் செய்யும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு நேராக வரும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையை முதலில் நீளவாக்கிலும் பிறகு அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மடிக்க வேண்டாம். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் இழையின் போக்கு. செய்தித்தாளைக் கிழித்தால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணல்மாணலாகவும் கிழிவதும் இதனால்தான். மாணவர்கள் இதைச் செய்து பார்க்க மிகவும் விரும்புவார்கள். ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இழைக்குக் குறுக்கே மடித்தே ஆக வேண்டும் என்றால், மடிக்கும் கோட்டின் மேல் அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை அழுத்தி இழுங்கள். ஒரு பள்ளம் விழும். அதன் பிறகு மடித்தால் ஒழுங்காக வரும்.

தாள் வேலை 1: மின்மினி அட்டை

நம் ஊருக்கே உரிய அட்டை இது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்க உலகின் பல பகுதிகளில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நிலா இல்லாத இரவில்தான் அவை நன்றாகத் தெரியும். தீபாவளியும் அமாவாசையை ஒட்டி வருகிற நாள்தான். குத்துவிளக்கையே திரும்பத் திரும்ப வரைவதற்குப் பதிலாக, நம் பிள்ளைகள் தங்கள் ஆற்றங்கரை விளக்கை அனுப்பட்டுமே.

செய்யும் முறை:

1. கறுப்பு அல்லது கருநீல ஏ5 அட்டையை மடித்து ஏ6 ஆக்குங்கள்.
2. வெள்ளைத்தாளில் ஒரு மரத்தின் வடிவத்தைப் பென்சிலால் வரையுங்கள். இலை இலையாக வேண்டாம். மரத்தின் வெளிக்கோடும் கீழே ஆற்று நீரின் ஒரு கோடும் போதும். கோட்டின் மேலும் மரத்தின் உள்ளேயும் 60 முதல் 80 புள்ளிகள் வையுங்கள்.
3. அட்டையை விரித்து, முன்பக்கத்தின் அடியில் பழைய ஜப்பான் சிலிப்பர் ஒன்றை வையுங்கள். ஊசி மேசையில் படாது, கையிலும் குத்தாது. பொருள் சுற்றி வரும் வெள்ளை நுரைப்பலகை இருந்தாலும் ஆகும்.
4. வரைந்த தாளை அட்டையின் மேல் வைத்து நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, புள்ளி புள்ளியாகக் குத்துங்கள். ஊசி நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் துளை நீளமாகி, ஒளி சிதறும்.
5. தாளை எடுத்துவிட்டு, அட்டையின் உட்பக்கத்தில், துளைகளின் பின்னால், மஞ்சள் கண்ணாடித்தாள் ஒரு துண்டை ஒட்டுங்கள். ஓரத்தில் மட்டும் பசை. துளைகளின் மேல் பசை பட்டால் அடைத்துக்கொள்ளும்.

அட்டையைச் சும்மா பார்த்தால் கறுப்பாக மட்டும்தான் தெரியும். சன்னலுக்கு நேராகப் பிடித்தாலோ பின்னால் கைப்பேசியின் விளக்கைக் காட்டினாலோ மரம் முழுக்க மின்மினி பூத்துவிடும். நெருப்பு விளக்கின் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அட்டையின் பின்புறத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

குத்துகிற நேரத்தில் வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் மின்மினியைப் பற்றிச் சொல்லுங்கள்: மின்மினியின் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கிறது, கரையோர மரங்களை வெட்டினால் புழுவுக்கும் இடமில்லை, மின்மினிக்கும் மரமில்லை. இதிலிருந்து ஒரு சுற்றுச்சூழல் கட்டுரைக்கான கருத்தும் கிடைத்துவிடும்.

தாள் வேலை 2: எழுந்து நிற்கும் அட்டை

அட்டையைத் திறந்தால் உள்ளே ஓர் உருவம் எழுந்து நிற்க வேண்டும். பார்க்கக் கடினமாகத் தெரியும். உண்மையில் இரண்டே இரண்டு வெட்டுதான்.

1. வெள்ளைத்தாளை ஏ5 அளவில் வெட்டி, பாதியாக மடியுங்கள்.
2. மடிப்பின் நடுப்பகுதியில், 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மடிப்பில் இருந்து உள்நோக்கி 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டு நேர்க்கோடு வெட்டுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் உருவம் சாயும்.
3. வெட்டின இரு முனைகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அந்தத் துண்டை முன்னும் பின்னும் மடித்துப் பழக்குங்கள்.
4. தாளை அரைகுறையாகத் திறந்து, அந்தத் துண்டை உள்பக்கமாகத் தள்ளுங்கள். சின்னப் படிக்கட்டு ஒன்று வந்து நிற்கும்.
5. படிக்கட்டின் முன்முகத்தில் உருவத்தை ஒட்டுங்கள். உருவத்தின் அடிப்பகுதி தாளைத் தொடும்படி வையுங்கள்.
6. வெளியட்டையின் உள்ளே இந்தத் தாளை ஒட்டுங்கள். படிக்கட்டின் பின்புறத்தில் மட்டும் பசை படக்கூடாது.

மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது உருவத்தின் உயரத்தில்தான். அட்டையை மூடும்போது உருவத்தின் தலை வெளியே எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: வெட்டின் நீளத்தையும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால், மடிப்பில் இருந்து அட்டையின் ஓரம் வரை உள்ள அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் அட்டையில் அந்த அளவு 105 மில்லிமீட்டர். வெட்டு 30 என்றால் உருவம் 70 வரை இருக்கலாம், கூட்டினால் 100. உருவத்தை 80 ஆக்கினால் 110. ஐந்து மில்லிமீட்டர் வெளியே நீட்டும். ஒரு மாணவரை வெண்பலகைக்கு அழைத்து இந்தக் கணக்கைப் போட வையுங்கள்.

என்ன உருவம்? பொங்கல் பானை எல்லாருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தேடுங்கள். புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. நீளமாக ஒடுங்கி நிற்பதால் வெட்டுவதற்கும் எளிது. பெஸ்தாரி ஜெயா பக்கம், முன்னே பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்வோமே, அங்கே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். பிறகு அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த மரத்தை நட்டவர்களும் குலை வெட்டியவர்களும் நம் பிள்ளைகளின் பூட்டன் பாட்டன்மார்தான். அவர்கள் பெயர் எந்தப் பரிசிலும் இல்லை. ஒரு செம்பனை மரம், ஒரு ரப்பர் மரத்தில் பால் வெட்டின கோடும் கிண்ணமும், தோட்டத்துக் கோயில் கோபுரம்: தாத்தாவுக்குப் போகிற அட்டையில் தாத்தாவின் உலகம் எழுந்து நிற்கட்டும்.

தாள் வேலை 3: கோலம்

இது வேகமான வேலை. பின்தங்கிய மாணவருக்கும் கைகொடுக்கும். 90 மில்லிமீட்டர் சதுரத் தாளை இரண்டாக, மறுபடி இரண்டாக, பிறகு மூலைவிட்டமாக ஒரு முறை மடியுங்கள். எட்டு அடுக்கு முக்கோணம் கிடைக்கும். மடிப்பு ஓரங்களில் அரைவட்டம், இலை, துளி வடிவங்களை வெட்டி விரித்தால் எட்டுப் பக்கமும் சமச்சீராகக் கோலம் விரியும். ஒரே எச்சரிக்கை: மடிப்பு ஓரத்தை முழுக்க வெட்டிவிடக்கூடாது. அங்கங்கே வெட்டாமல் விட்ட இடம்தான் கோலத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. மெல்லிய தாளில் செய்யுங்கள்; 160 கிராம் அட்டையை எட்டாக மடித்தால் கத்தரிக்கோல் போகாது.

ஒட்டும்போது முழுக்கப் பசை தடவ வேண்டாம். ஈரம் பட்டால் தாளின் நார் ஊதி, கோலம் சுருங்கிப்போகும். நடுவில் ஒரு பொட்டு, முனைகளில் ஒவ்வொரு பொட்டு போதும்.

எழுத்தும் புள்ளியும்

தமிழாசிரியர்களாகிய நமக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். அட்டையின் முகப்பில் வாழ்த்தைத் தாளில் வெட்டி ஒட்டினால் அழகாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்தை வெட்டும்போது ஒரு சிக்கல் வரும்: புள்ளி தனியாகக் கழன்று விழும். "ழ்" என்று வரைந்து வெட்டினால் "ழ" மட்டும் கையில் இருக்கும். புள்ளி மேசைக்கு அடியில் இருக்கும்.

இதற்கு எளிய வழி பஞ்சர். வேறு வண்ணத் தாளில் பஞ்சரால் துளை போட்டால் விழுகிற வட்டங்கள்தாம் நம் புள்ளிகள். எழுத்தை ஒரு வண்ணத்திலும் புள்ளியை இன்னொரு வண்ணத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். புள்ளிகளை எடுக்கும் முன் மாணவர் எத்தனை வேண்டும் என்று கணக்குச் சொல்ல வேண்டும்:

இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்: 4
ஆசிரியர் தின நல்வாழ்த்துகள்: 5
பொங்கல் நல்வாழ்த்துகள்: 6
அன்னையர் தின நல்வாழ்த்துகள்: 6
கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்: 6

கணக்குத் தப்பினால் எழுத்துப்பிழை இருக்கிறது என்று பொருள். "நல்வாழ்துகள்" என்று எழுதுகிற மாணவருக்கு ஒரு புள்ளி மிஞ்சும். மிஞ்சின புள்ளி எங்கே போக வேண்டும் என்று அவரே தேடிக் கண்டுபிடிப்பார். நாம் சிவப்பு மையில் வட்டம் போடுவதைவிட இது மனத்தில் நிற்கிறது.

ஓலைச்சுவடிக் காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதுவது வழக்கம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை சேதமாகிவிடும் என்பார்கள். இடம் பார்த்து, பொருள் பார்த்து வாசகர்தான் புள்ளியைச் சேர்த்து வாசிக்க வேண்டும். நம் அட்டை கிழியாது. அதனால் நமக்குச் சாக்கு இல்லை, புள்ளி வைத்தே ஆக வேண்டும்.

அடுத்து, "வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?" இந்தக் கேள்வி வராமல் ஓர் ஆண்டும் போகாது. "வாழ்த்து" வன்தொடர்க் குற்றியலுகரம். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை என்பவற்றில் வல்லினம் மிகுவது போல இங்கும் மிகும் என்பது ஒரு சாரார் வாதம். அது இரண்டு சொற்கள் புணரும்போது வருவது. "கள்" தனிச்சொல் இல்லை, பன்மை விகுதி. அதனால் மிகாது என்பது மறுசாரார் வாதம். இரண்டும் வழக்கில் இருக்கின்றன. நான் வகுப்பில் "வாழ்த்துகள்" என்பதையே எழுத வைக்கிறேன். காரணம் கேட்டால், "வாழ்த்துக் கள்" என்று பிரித்து எழுதிக் காட்டுவேன். தோட்டத்துக் கள்ளுக்கடைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். பிறகு மறக்க மாட்டார்கள்.

உள்ளே எழுத வேண்டிய நான்கு வரி

வெட்டி ஒட்டுவதற்கு முன்பே இதை எழுதி முடிக்க வேண்டும். அலங்காரம் முடிந்த பிறகு எழுதச் சொன்னால், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு வரியைக் கிறுக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் வரி: விளி. வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. அம்மாச்சி, அப்பாயி, ஆயா, தாத்தா, அத்தை எதுவானாலும் சரி. "மதிப்பிற்குரிய பாட்டி அவர்களே" வேண்டாம். அது அலுவல் கடிதம்.

இரண்டாம் வரி: வேறு யாராலும் எழுத முடியாத ஒரு செய்தி. நான்கு வரிகளில் கடினமானது இதுதான்.

மூன்றாம் வரி: வாழ்த்து.

நான்காம் வரி: யார் எழுதியது, என்ன உறவு.

இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிற வாழ்த்து எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "இந்த இனிய நன்னாளில் தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கி வளம் பெருகி..." என்று ஓடும். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டு எவருக்கும் அனுப்பலாம். கீழே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்:

அன்புள்ள அம்மாச்சி,
போன தடவை வந்தப்போ நீங்க எனக்கு மட்டும் தனியா எடுத்து வச்ச முறுக்க நான் தம்பிக்குக் குடுக்கவே இல்ல.
இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.
உங்கள் மூத்த பேத்தி

இரண்டாம் வரியைப் பேச்சுத் தமிழில் விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்து என்றால் எழுத்துத் தமிழ்தானே என்பது நியாயமான கேள்வி. என் நிலைப்பாடு இது: விளி, வாழ்த்து, கையொப்பம், உறை ஆகியவை எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும். இரண்டாம் வரி மட்டும் பிள்ளை வீட்டில் பேசுகிறபடி இருக்கலாம். பாட்டி அந்த வரியைப் படிக்கும்போது பேத்தியின் குரல் கேட்க வேண்டும். அடுத்த பாடத்தில் அதே வரியை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள்: "வந்தப்போ" எப்படி "வந்தபோது" ஆகிறது, "முறுக்க" எப்படி "முறுக்கை" ஆகிறது. இரண்டாம் வேற்றுமை உருபைப் பேச்சில் நாம் எப்படி விழுங்குகிறோம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். உறவுக் கடிதம் எழுதும் பயிற்சிக்கும் இதுவே முன்னோட்டம்.

"என்ன எழுதுறதுன்னு தெரியல டீச்சர்" என்கிற மாணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் உனக்குச் சமைத்துக் கொடுத்தது என்ன? எதற்காக உன்னைத் திட்டியிருக்கிறார்? கடைசியாக அவரைப் பார்த்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்? ஏதாவது ஒன்றுக்குப் பதில் வந்துவிடும். அந்தப் பதிலையே வரியாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தாயை இழந்த பிள்ளை, அப்பா உடன் இல்லாத பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. "அன்னையர் தினம், எல்லாரும் அம்மாவுக்கு எழுதுங்க" என்று சொன்னால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். "உங்களை வளர்க்கிறவருக்கு" என்று சொல்லுங்கள். யாருக்கு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அதேபோல் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தால் தீபாவளியைத் திணிக்க வேண்டாம், டிசம்பருக்கு எழுதட்டும்.

உறை

அட்டைக்கு ஏற்ற உறை கடையில் தேட வேண்டாம். ஒரு ஏ4 தாளே போதும்.

1. தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்துக்குக் கொண்டுவந்து மடித்து, மிஞ்சிய பகுதியை வெட்டினால் 210 மில்லிமீட்டர் சதுரம் கிடைக்கும். மிஞ்சிய 87 மில்லிமீட்டர் பட்டையை எழுத்து வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.
2. சதுரத்தை வைர வடிவில் திருப்பி, நடுவில் அட்டையைப் படுக்கையாக வையுங்கள்.
3. இடது வலது மூலைகளை உள்ளே மடியுங்கள். ஏறக்குறைய நடுவில் சந்திக்கும். அட்டை நெருக்கமாக இல்லாமல் இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.
4. கீழ் மூலையை மேலே மடித்து, அதன் ஓரங்களில் பசை தடவி, பக்க மடிப்புகளின் மேல் ஒட்டுங்கள்.
5. அட்டையை உள்ளே வைத்து மேல் மூலையை மூடுங்கள்.

80 கிராம் தாளில் செய்த உறையும் 160 கிராம் அட்டையும் உள்தாளும் சேர்ந்து ஏறக்குறைய 10 முதல் 12 கிராம்தான் வரும். தாராளமாக அஞ்சலில் அனுப்பலாம்.

முகவரி எழுதும் இடத்தில் உங்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. பல மாணவர்களுக்குத் தாத்தா வீட்டு முகவரி தெரியாது. "தோட்டத்துல, கோயிலுக்குப் பின்னால" என்பார்கள். முதல் நாளே வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். தோட்டமாக இருந்தால் பெயர், வீட்டு எண், தோட்டத்தின் பெயர், அஞ்சல் குறியீடு எல்லாம் வேண்டும். கோலசிலாங்கூர் 45000, பெஸ்தாரி ஜெயா 45600, ஜெராம் 45800, தஞ்சோங் காராங் 45500, செகிஞ்சான் 45400, சபாக் பெர்ணம் 45200. அஞ்சல்காரருக்காக முகவரியை ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். பெறுநரின் பெயரை மட்டும் மேலே தமிழிலும் எழுதலாம். தன் பெயர் தமிழில் எழுதிய உறை ஒன்று வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நேரப் பங்கீடு

60 நிமிடச் சந்திப்பு இரண்டு போதும்.

முதல் சந்திப்பு: பெறுநரைத் தேர்ந்தெடுக்க 5 நிமிடம், நான்கு வரி எழுதித் திருத்த 25, தாளின் இழையும் மடிப்பும் 10, ஒரு தாள் வேலையைத் தொடங்க 20.

இரண்டாம் சந்திப்பு: தாள் வேலையை முடிக்க 20, எழுத்தும் புள்ளியும் 15, நான்கு வரியை அட்டையில் நல்லெழுத்தில் எழுத 10, உறையும் முகவரியும் 15.

ஒரு மாணவருக்கு ஒரு தாள் வேலை மட்டும். மூன்றையும் ஒரே அட்டையில் திணித்தால் அட்டை மூடாது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுங்கள்.

மதிப்பீடு செய்ய விரும்பினால் நான்கு கேள்வி போதும்: பெறுநர் ஒருவர் இருக்கிறாரா? இரண்டாம் வரி இவருக்கு மட்டும் உரியதா? புள்ளிக் கணக்கு சரியா? முகவரி முழுமையா? வெட்டு வளைந்திருக்கிறது, வண்ணம் பொருந்தவில்லை என்பதற்கெல்லாம் புள்ளி குறைக்காதீர்கள். கைநேர்த்தி இல்லாத மாணவர்தான் சில சமயம் மிக நல்ல இரண்டாம் வரியை எழுதுகிறார்.

படித்துப் பார்த்துத் திருத்துவது பற்றி ஒரு சொல். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், செய்தியைத் திருத்தாதீர்கள். "பாட்டி, உங்க கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று ஒருவர் எழுதினால், தீபாவளி அட்டையில் வலியைப் பற்றி எழுதலாமா என்று யோசிக்க வேண்டாம். எழுதலாம்.

ஆசிரியர் தினம் மே 16. 1956இல் அதே நாளில் ரசாக் அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றதன் நினைவாக வந்த நாள் அது. அன்று நமக்கு அட்டைகள் வரும். பெரும்பாலும் நாமே செய்யச் சொல்லி, நமக்கே வருபவை. இந்த ஆண்டு மாணவர்களைத் தங்கள் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எழுதச் சொல்லிப் பாருங்கள். படிவம் 1 மாணவருக்கு ஆறாம் ஆண்டு ஆசிரியரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். பள்ளியின் முகவரியைக் கண்டுபிடிப்பதும் எளிது.

தீபாவளிக்கு என்றால் மூன்று வாரத்துக்கு முன்னரே தொடங்குங்கள். தோட்டங்களுக்குச் செல்லும் கடிதம் சில இடங்களில் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்துதான் வீட்டுக்குப் போகும். அட்டைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்காதீர்கள். படம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் உறையை மூடி, அஞ்சல்தலை ஒட்டி, மாணவர் கையாலேயே பெட்டியில் போடச் சொல்லுங்கள்.